1870ல் வந்த வாக்குரிமை மிசிசிப்பியில் 1965 வரை ஏன் கைக்கு எட்டவில்லை?

கேள்வி இதுதான்: அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15ஆவது திருத்தம் 1870லேயே கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்துவிட்டது. அப்படியிருக்க, இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகும் மிசிசிப்பி மாநிலத்தில் இருபது வருடம் அதற்காகப் போராட வேண்டிவந்தது ஏன்? கடைசியில் அதை யார் வாங்கிக் கொடுத்தார்கள்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. கென்னடி, ஜான்சன், மார்ட்டின் லூதர் கிங், வடக்கிலிருந்து வந்த மாணவர்கள் என்று பெயர்களை அடுக்குவது வழக்கம். அவர்களுடைய பங்கு உண்மைதான். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் சிலர் வேலையைத் தொடங்கியிருந்தார்கள்: போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருந்த விவசாயிகள், மளிகைக் கடைக்காரர்கள், ஒரு மருந்துக் கடைக்காரர், ஒரு தபால் ஊழியர். இவர்கள் யார், ஏன் இவர்களால் முடிந்தது என்று பார்த்தால் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

1890ல் மிசிசிப்பி புது அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. கறுப்பர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்குவதே அதன் நோக்கம். எழுதியவர்கள் அதை மறைக்கவும் இல்லை. ஆனால் 15ஆவது திருத்தம் குறுக்கே நின்றதால் 'கறுப்பர்' என்ற சொல்லைப் போட முடியாது. ஆகவே இரண்டு தடுப்புகளைப் போட்டார்கள். ஒன்று, வாக்கு வரி: வருடத்துக்கு 2 டாலர். முந்தைய இரண்டு வருடங்களுக்கும் கட்டிய ரசீது கையில் இருந்தால்தான் ஓட்டு. விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தை உழுத, கையில் காசே பார்க்காத வாரக் குடியானவனுக்கு 2 டாலர் பெரிய தொகை. இன்னொன்று 244ஆவது பிரிவு: மாநில அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவையாவது காட்டினால் அதை வாசிக்க வேண்டும், அல்லது வாசிக்கக் கேட்டுப் புரிந்துகொள்ளவோ அதற்கு 'நியாயமான' விளக்கம் சொல்லவோ வேண்டும். நியாயமா இல்லையா என்று தீர்மானிப்பவர் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரப் பதிவு அதிகாரி, அவர் ஒருவர்தான். 1954ல் இதை இன்னும் இறுக்கினார்கள். அதன் பிறகு வாசித்தால் மட்டும் போதாது, விளக்கத்தைக் கைப்பட எழுதித்தர வேண்டும். விண்ணப்பத்தில் மட்டும் 21 கேள்விகள்.

இது நடைமுறையில் எப்படி இருந்தது என்றால், அரசியல் சட்டத்தில் 285 பிரிவுகள். வெள்ளைக்காரர் வந்தால் 'கடனுக்காக யாரையும் சிறையில் போடக்கூடாது' என்பது போன்ற ஒரு வரிப் பிரிவு. கறுப்பர் வந்தால் வரியும் ஒப்பந்தமும் கலந்த, வழக்கறிஞர்களே தலையைச் சொறியும் பத்தி. ஹேட்டிஸ்பர்க் ஊர் இருக்கும் ஃபாரஸ்ட் கவுண்டியில் தெரன் லிண்ட் என்ற பதிவு அதிகாரி முதுகலைப் பட்டம் பெற்ற பள்ளி ஆசிரியர்களைக்கூட 'தேறவில்லை' என்று திருப்பி அனுப்பினார். மத்திய நீதித்துறை அவர்மேல் வழக்கே போட வேண்டிவந்தது.

சரி, இவ்வளவு இருந்தும் 1946ல் என்ன மாறியது? இரண்டு விஷயங்கள். தெற்கில் அப்போது ஜனநாயகக் கட்சி வைத்ததுதான் சட்டம். கட்சியின் உள்தேர்தலில் ஜெயித்தவர்தான் பதவிக்குப் போவார். அந்த உள்தேர்தலில் வெள்ளையர் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்ற ஏற்பாட்டை 1944ல் டெக்சாஸ் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அடுத்தது, போரிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்கு மிசிசிப்பி சட்டமன்றம் வாக்கு வரியிலிருந்து விலக்கு கொடுத்தது. கொடுக்கும்போது மனதில் இருந்தது வெள்ளைக்காரச் சிப்பாய்கள். எழுத்தில் அப்படிப் போட முடியவில்லை.

அந்த வாசல் வழியாக நுழையப் பார்த்தவர்களில் ஒருவர் மெட்கர் எவர்ஸ். நார்மண்டியில் இறங்கிய நேசப்படைகளுக்குச் சரக்கு ஏற்றிச்சென்ற லாரிப் பிரிவில் இருந்தவர். 1946 ஜூலை 2 அன்று அவருக்கு 21 வயது நிறைந்தது. அன்றுதான் கட்சியின் உள்தேர்தலும். அண்ணன் சார்லஸையும் வேறு நான்கு முன்னாள் சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு சொந்த ஊரான டிகேட்டரின் நீதிமன்றக் கட்டிடத்துக்குப் போனார். துப்பாக்கியோடு வெள்ளைக்காரக் கூட்டம் வழிமறித்து நின்றது. ஓட்டுப் போடாமல் திரும்பினார்கள். ஜெர்மனியை எதிர்த்துப் போராட அனுப்பிய நாடு, சொந்த ஊரில் ஒரு சீட்டைப் பெட்டியில் போட விடவில்லை என்ற கோபம் அந்தத் தலைமுறைச் சிப்பாய்கள் எல்லோருக்கும் பொதுவானது. அந்த வருடம் செனட்டர் தியோடர் பில்போ, தேர்தலுக்கு முந்தின இரவே கறுப்பர்களைப் போய் 'கவனித்துக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் மேடையிலேயே பேசினார். டிசம்பரில் ஜாக்சன் நகரில் செனட் குழு விசாரணைக்கு வந்தபோது, கறுப்புச் சிப்பாய்கள் கூட்டமாகத் திரண்டு வந்து, எங்கே எப்படி அடிபட்டோம் என்று பெயர் சொல்லிச் சாட்சி சொன்னார்கள். குழுவின் பெரும்பான்மை பில்போவைக் குற்றமற்றவர் என்றது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தீர்ப்பு இல்லை. சாட்சி சொல்லிவிட்டு அவரவர் ஊருக்கே திரும்பிப் போய் வாழ வேண்டிய மனிதர்கள், எல்லாம் தெரிந்தே வந்து நின்றார்களே, அதுதான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மிசிசிப்பியில் ஓட்டைத் தடுத்த மிகப் பெரிய ஆயுதம் எது என்று கேட்டால் பலரும் வெள்ளை இனவெறி ரகசிய அமைப்பான கூ கிளக்ஸ் கிளானைச் சொல்வார்கள். முகமூடியும் எரியும் சிலுவையும் மனதில் பதிந்துவிட்டன. ஆனால் அன்றாடம் வேலை செய்த ஆயுதம் வயிற்றில் அடிப்பது. டெல்டா பகுதியின் பருத்திப் பண்ணைகளில் கறுப்பினக் குடும்பம் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதது. வீடு பண்ணையாருடையது. விதை, உரம், மளிகை எல்லாம் பண்ணைக் கடையில் கடன். வருடக் கடைசியில் கணக்குப் பார்ப்பவரும் பண்ணையார்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் குடும்பம் தெருவில். இந்த நிலையில் யாரும் துப்பாக்கியைத் தொட வேண்டிய அவசியமே பல நேரங்களில் வரவில்லை.

1954ல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும், ஜூலையில் இண்டியனோலா ஊரில் 'வெள்ளையர் குடிமக்கள் மன்றம்' தொடங்கியது. இதில் சேர்ந்தவர்கள் வங்கி மேலாளர்கள், வழக்கறிஞர்கள், மொத்த வியாபாரிகள், பண்ணையார்கள். ஊரில் கடன் கொடுப்பதும் சரக்கு கொடுப்பதும் வேலை கொடுப்பதும் இவர்களே. 1955ல் யாஸூ சிட்டியில் 53 கறுப்பினப் பெற்றோர், பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கக் கோரி மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மன்றம் அந்த 53 பெயர்களையும் உள்ளூர்ப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமாகப் போட்டது. அவ்வளவுதான் செய்தது. வேலையில் இருந்தவருக்கு வேலை போயிற்று. கடை வைத்திருந்தவருக்குச் சரக்கு நின்றது. ஒவ்வொருவராகப் பெயரைத் திரும்பப் பெற்றார்கள். பெற்ற பிறகும் வேலை திரும்பவில்லை.

அப்படியானால் யாரால் நிமிர்ந்து நிற்க முடிந்தது? வெள்ளைக்காரர் கையில் பிழைப்பு இல்லாதவர்களால். கிளார்க்ஸ்டேலில் ஏரன் ஹென்றி, சொந்த மருந்துக் கடை. வாடிக்கையாளர்கள் கறுப்பர்கள். கிளீவ்லாந்தில் ஏம்ஸி மூர், மத்திய அரசின் தபால் ஊழியர். மாநிலத்தால் அவர் சம்பளத்தைத் தொட முடியாது. அவருக்குச் சொந்தமாக ஒரு பெட்ரோல் நிலையமும் இருந்தது. அதில் 'வெள்ளையருக்கு', 'கறுப்பருக்கு' என்று பலகை மாட்ட மறுத்தார். கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். மவுண்ட் பயூவில் டி.ஆர்.எம். ஹோவர்ட், அறுவை மருத்துவர், செல்வந்தர். முழுக்க கறுப்பர்களே நிறுவிய ஊர் அது. எவர்ஸ் படிப்பை முடித்ததும் முதலில் வேலை பார்த்தது ஹோவர்டின் காப்பீட்டு நிறுவனத்தில்தான். 1952ல் இவர்கள் சேர்ந்து 'கழிப்பறையைப் பயன்படுத்த விடாத இடத்தில் பெட்ரோல் போடாதீர்கள்' என்று கார்களில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மன்றம் கடன்களை இறுக்கியபோது, மெம்ஃபிஸ் நகரில் கறுப்பர்கள் நடத்திய ட்ரை-ஸ்டேட் வங்கியில் நாடு முழுவதுமிருந்து பணத்தை டெபாசிட் செய்யச் சொல்லி, அதிலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். மிசிசிப்பிப் போராட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த வங்கிக் கணக்கைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பாடல்களுக்கும் ஊர்வலங்களுக்கும் நிகரான இடம் இதற்கும் உண்டு என்பது என் எண்ணம்.

வயிற்றில் அடித்தும் அசையாதவர்களுக்குத்தான் துப்பாக்கி. பெல்சோனியில் ஜார்ஜ் லீ, போதகர், மளிகைக் கடையும் சின்ன அச்சகமும் வைத்திருந்தவர். வாக்காளர் பட்டியலில் தானும் சேர்ந்து ஊராரையும் சேர்த்தார். 1955 மே 7 இரவு காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். தாடையில் இருந்த ஈயக் குண்டுகளைப் பார்த்து, பல்லை அடைத்த ஈயமாக இருக்கலாம் என்றார் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீப். அதே வருடம் ஆகஸ்டில் புரூக்ஹேவன் நீதிமன்றப் புல்வெளியில், பட்டப்பகலில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, லமார் ஸ்மித் என்ற விவசாயி சுடப்பட்டார். ஓட்டுப் போட ஆட்களைத் திரட்டியதுதான் அவர் குற்றம். யாருக்கும் தண்டனை இல்லை. இரண்டு வாரம் கழித்து, சிகாகோவிலிருந்து வந்திருந்த 14 வயது எம்மெட் டில் கொல்லப்பட்டான். தாய் மேமி டில் சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னதால் அந்தச் சிறுவனின் முகத்தை நாடே பார்த்தது. லீயையும் ஸ்மித்தையும் நாடு பார்க்கவில்லை.

மாநில அரசும் சும்மா இருக்கவில்லை. 1956ல் 'இறையாண்மை ஆணையம்' என்ற பெயரில், மக்களின் வரிப்பணத்தில் ஓர் உளவு அமைப்பை உருவாக்கியது. கூட்டத்துக்கு வந்த கார்களின் நம்பரைக்கூட எழுதிவைத்தார்கள். கொரியப் போர்க்காலத்தில் ராணுவத்தில் இருந்த கிளைட் கெனார்ட், ஹேட்டிஸ்பர்க்கில் இருந்த மாநிலக் கல்லூரியில் இடம் கேட்டுத் திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார். 25 டாலர் பெறுமான கோழித்தீவனத் திருட்டுக்குத் துணைபோனார் என்று வழக்கு; 1960ல் ஏழு வருடச் சிறை. பார்ச்மன் சிறைப் பண்ணையில் புற்றுநோய் முற்றிய பிறகே வெளியே விட்டார்கள். 1963 ஜூலை 4 அன்று இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னது 2006ல்.

மாணவர்கள் வருவது இதற்கெல்லாம் அப்புறம். 1960ல் மாணவர் அமைப்பைச் சேர்ந்த பாப் மோசஸ் மிசிசிப்பிக்கு வந்தபோது, உணவகங்களிலும் பேருந்துகளிலும் சேர்ந்து உட்காரும் போராட்டத்தை விட்டுவிட்டு வாக்காளர் பதிவைக் கையில் எடு என்று அவரைத் திருப்பியவர் ஏம்ஸி மூர்தான். மோசஸ் நியூயார்க்கில் வளர்ந்தவர், ஹார்வர்டில் படித்தவர். இருந்தும் உள்ளூர்ப் பெரியவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். அந்தப் பணிவுதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம். 1961ல் மெக்கோம் ஊரில் தொடங்கினார்கள். செப்டம்பர் 25 அன்று, அவர்களுக்குத் துணையாக நின்ற ஹெர்பர்ட் லீ என்ற விவசாயியை, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே பருத்தி ஆலை வாசலில் சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்று விட்டுவிட்டார்கள். உண்மையைப் பார்த்த சாட்சியான லூயிஸ் ஆலன் 1964 ஜனவரியில் தன் வீட்டு வாசலிலேயே கொல்லப்பட்டார்.

ஃபேனி லூ ஹேமரின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வாரக் குடியானவர் வீட்டில் 20 பிள்ளைகளில் கடைசி. ரூல்வில் பக்கத்துப் பண்ணை ஒன்றில் 18 வருடம் வேலை, அதில் பெரும்பகுதி ஆட்களின் நேரக் கணக்கு எழுதுவது. கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை உண்டு என்பதே 44 வயதில், 1962ல் தேவாலயக் கூட்டமொன்றில்தான் அவருக்குத் தெரிந்தது. ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பழைய பேருந்தில் இண்டியனோலாவுக்குப் போனார்கள். அவருக்குக் கொடுத்தது, முன்தேதியிட்டுப் பாயும் சட்டங்களைப் பற்றிய பிரிவு. அப்படி ஒன்றை அவர் கேள்விப்பட்டதே இல்லை, தேறவில்லை. திரும்பும் வழியில் போலீஸ் பேருந்தை நிறுத்தியது. பேருந்தின் மஞ்சள் நிறம் சரியில்லையாம், ஓட்டுநருக்கு அபராதம். அதே பேருந்து பருத்தி வயலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனபோதெல்லாம் நிறம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. பயணிகள் கையிலிருந்த சில்லறையைச் சேர்த்து அபராதம் கட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் பண்ணையார் காத்திருந்தார்: விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு, இல்லாவிட்டால் வெளியே போ. ஹேமர் சொன்ன பதில்: "நான் உங்களுக்காகப் பதியப் போகவில்லை. எனக்காகப் பதியப் போனேன்." அன்று இரவே வெளியேறினார். பத்து நாள் கழித்து அவர் தங்கியிருந்ததாக நினைத்த வீட்டின்மேல் 16 தோட்டாக்கள். 1963 ஜனவரியில் அவர் பெயர் பட்டியலில் ஏறியது. ஓட்டுப் போடப் போனால், இரண்டு வருட வாக்கு வரி ரசீது எங்கே என்றார்கள்.

அந்தக் குளிர்காலம் வயிற்றில் அடிக்கும் கொள்கை அரசாங்கக் கொள்கையாகவே மாறிய காலம். லெஃப்ளோர் கவுண்டியில் மத்திய அரசு இலவசமாகக் கொடுத்த மாவு, அரிசி, பால்பவுடர் விநியோகத்தைக் கவுண்டி நிர்வாகம் நிறுத்தியது. சுமார் 22,000 பேர் அதை நம்பியிருந்தார்கள்; பெரும்பாலும் கறுப்பர்கள். பருத்தி பறிக்கும் இயந்திரம் வந்துகொண்டிருந்த காலம் அது. பண்ணையாருக்கு இனி இத்தனை கைகள் வேண்டாம். பசி தாங்காமல் வடக்கே போய்விட்டால் ஓட்டுப் பிரச்சினையும் தீர்ந்தது. மாணவர்கள் சிகாகோவிலிருந்தும் மிச்சிகனிலிருந்தும் லாரியில் உணவு கொண்டுவந்தார்கள். வாங்க வந்தவர்களிடம் பதிவைப் பற்றிப் பேசினார்கள். நிறுத்தியவர்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, நீதிமன்ற வாசலில் வரிசை நீண்டது.

ஹோம்ஸ் கவுண்டியில் மைல்ஸ்டன் என்ற இடம் உண்டு. 1930களின் இறுதியில் ரூஸ்வெல்ட் அரசு பழைய பண்ணை நிலத்தை வாங்கி, நீண்டகாலக் கடனில் கறுப்பினக் குடும்பங்களுக்குக் கொடுத்தது. சொந்தப் பட்டா, சொந்தக் கூட்டுறவு. 1963 ஏப்ரல் 9 அன்று அங்கிருந்து 14 பேர் லெக்சிங்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 'யார் முதலில்?' என்று ஷெரீப் கேட்டார். முன்னே வந்தவர் ஹார்ட்மன் டர்ன்போ. அடுத்த மாதம் அவர் வீட்டில் பெட்ரோல் குண்டு விழுந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து திருப்பிச் சுட்டார். மறுநாள் அவரையே, தன் வீட்டுக்குத் தானே தீ வைத்ததாகக் கைது செய்தார்கள். வழக்கு நிற்கவில்லை. இந்தப் போராட்டம் முழுக்க அகிம்சை வழியில் நடந்தது என்று எழுதுகிறவர்கள், இரவில் திண்ணையில் துப்பாக்கியோடு உட்கார்ந்து மாணவர்களைக் காவல் காத்த இந்த விவசாயிகளை விட்டுவிடுகிறார்கள்.

1963 ஜூன் 12, நள்ளிரவு தாண்டிய நேரம், ஜாக்சனில் தன் வீட்டு வாசலில் மெட்கர் எவர்ஸ் சுடப்பட்டார். அந்த வீட்டுக்கு முன்வாசல் கிடையாது. பாதுகாப்புக்காகக் கார் நிறுத்துமிடம் வழியாகத்தான் உள்ளே போக முடியும். சத்தம் கேட்டால் தரையில் படுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தார். கொன்றவரை 1964ல் இரண்டு முறை விசாரித்தும், வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. தண்டனை கிடைத்தது 1994ல்.

1964 கோடைக்காலம் பலருக்குத் தெரிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கிலிருந்து நூற்றுக்கணக்கான மாணவர்கள், பெரும்பாலும் வெள்ளையர், வந்தார்கள். ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரும் ஜூன் 21 அன்று நெஷோபா கவுண்டியில் கொல்லப்பட்டார்கள். சடலங்களைத் தேடி மத்திய அரசு கடற்படை வீரர்களை இறக்கியது. இறந்தவர்களில் இருவர் வெள்ளையராக இல்லாவிட்டால் இந்தத் தேடல் நடந்திருக்காது என்று சேர்ந்து வேலை செய்தவர்களே வேதனையோடு சொன்னார்கள். அந்தக் கோடையில் சுமார் 17,000 பேர் பதியப் போனார்கள். சுமார் 1,600 பேரை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். அதிகாரப்பூர்வக் கட்சி உள்ளே விடாததால் தாங்களே ஒரு ஜனநாயகக் கட்சி தொடங்கி, ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் போனார்கள். மிசிசிப்பியின் வினோனா ஊர்ச் சிறையில் தன்னை எப்படி அடித்தார்கள் என்று ஹேமர் தொலைக்காட்சி முன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கேமராக்களைத் திருப்ப ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர் சந்திப்பு வைத்தார். இரவில் எல்லாச் சேனல்களும் ஹேமரைத்தான் ஒளிபரப்பின. மாநாட்டில் இரண்டு இடம் தருகிறோம் என்ற சமரசத்தை அவர்கள் ஏற்கவில்லை.

1965 ஆகஸ்ட் 6ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. உள்ளூர் அதிகாரி மறுத்தால் மத்திய அரசின் ஆட்களே வந்து பதிவு செய்வார்கள். தேர்தல் விதியை மாற்ற வேண்டுமானால் மத்திய அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். 1964ல் தகுதியுள்ள கறுப்பர்களில் 6.7 சதவீதம்தான் பட்டியலில் இருந்தார்கள். 1967ல் சுமார் 60 சதவீதம். சட்டம் வந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. ஹேட்டிஸ்பர்க் அருகே வெர்னன் டேமர், விவசாயி, மளிகைக் கடைக்காரர், தன் கடையிலேயே ஊராரின் வாக்கு வரியைப் பெற்றுக்கொள்வேன் என்று அறிவித்த இரவு, 1966 ஜனவரி 10 அதிகாலை, கிளான் வந்து வீட்டைக் கொளுத்தியது. குடும்பம் பின்பக்கமாகத் தப்பும்வரை முன்பக்கம் நின்று சுட்டார். நுரையீரல் வெந்து அன்றே இறந்தார். ராணுவத்தில் இருந்த நான்கு மகன்கள் சீருடையோடு வந்து சாம்பலில் நின்றார்கள். கிளான் தலைவருக்குத் தண்டனை 1998ல்.

1967ல் ஹோம்ஸ் கவுண்டியிலிருந்து ராபர்ட் கிளார்க் என்ற ஆசிரியர் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அந்த நூற்றாண்டில் மிசிசிப்பிச் சட்டமன்றத்துக்குப் போன முதல் கறுப்பர். மைல்ஸ்டன் இருக்கும் அதே கவுண்டி என்பது தற்செயல் இல்லை. இருவர் உட்காரும் மேசையில் பல வருடம் அவரைத் தனியாகத்தான் உட்காரவைத்தார்கள். ஓட்டைத் தடுக்க முடியாதபோது அதன் பலத்தைக் கரைக்கும் வேலை தொடங்கியது: தொகுதிவாரியாக நடந்த தேர்தலைக் கவுண்டி முழுமைக்கும் சேர்த்து நடத்துவது, தேர்ந்தெடுக்க வேண்டிய பதவியை நியமனப் பதவியாக்குவது. 1969ல் உச்ச நீதிமன்றம் இவற்றுக்கும் முன்அனுமதி வேண்டும் என்றது. 2013ல் அதே நீதிமன்றம், எந்தெந்த மாநிலங்களுக்கு முன்அனுமதி கட்டாயம் என்று தீர்மானித்த பிரிவை ரத்து செய்துவிட்டது.

இன்னொன்று. மிசிசிப்பியில் இன்றும் நடப்பில் இருப்பது பல திருத்தங்களோடு அதே 1890 அரசியல் சட்டம்தான். அதன் 241ஆவது பிரிவு சில குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்களின் ஓட்டைப் பறிக்கிறது. 1890ல் போட்ட பட்டியலில் திருட்டும் போலிக் கையெழுத்தும் இருந்தன, கொலை இல்லை. கறுப்பர்கள் எந்தக் குற்றங்களைச் செய்வார்கள் என்று அன்றைய வெள்ளையர் நினைத்தார்களோ அவற்றைப் பொறுக்கி எழுதிய பட்டியல். கொலையைச் சேர்த்தது 1968ல். இந்தப் பிரிவை எதிர்த்த வழக்கை மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022ல் தள்ளியது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளவில்லை. இதில் ஓட்டை இழந்தவர் அதைத் திரும்பப் பெற ஆளுநரின் மன்னிப்பு வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஒருவர் பெயருக்காக மட்டும் தனி மசோதா கொண்டுவந்து, இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேற்ற வேண்டும்.